இறங்காத கோடு

"மூணு மணிக்கு விசாரணை. மூணே காலுக்கு உத்தரவு. மூன்றரைக்கு அந்தம்மா கேட்டுக்கு வெளியே," என்றார் பல்கலைக்கழகப் பதிவாளர். "உங்க வேலை ரொம்ப சின்னது மேடம். வெளியாள் ஒருத்தர் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாங்கன்னு இருக்கணும். அவ்வளவுதான்."

மேடம் என்றது என் அண்ணியை. கூடப் பிறந்த அண்ணனின் பெண்டாட்டி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினாறு வருஷம் தீப்பிடித்த குடோன்களை மோந்து பார்த்தவள், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் கொழுந்தன். விசிட்டிங் கார்டில் உதவியாளர் என்று போட்டிருக்கிறது. வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

"கையெழுத்துதான் வேணும்னா என் கொழுந்தனாரே போதுமே சார். அழகா போடுவான்," என்றாள் அண்ணி.

பதிவாளர் சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டு இருபது.

விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்குள் எங்கள் கரியமில வாயுவைப் பாதியாகக் குறைப்போம் என்று அந்தப் பல்கலைக்கழகம் ஊரறியச் சத்தியம் செய்திருந்தது. சத்தியம் செய்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காப்பாற்றுகிற வேலை ஒரு மின் பொறியாளர் தலையில் விழுந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. போகிற வழியெல்லாம் விளக்கையும் ஃபேனையும் அணைத்துக்கொண்டே போவதால் வளாகம் முழுக்க அவள் ஸ்விட்ச் அக்கா. கட்டிடத்துக்குக் கட்டிடம் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தாள். கரண்ட் அளவோடு செலவானால் பச்சை விளக்கு, மிஞ்சினால் சிவப்பு. சிவப்பு எரிந்த துறையின் தலைவரைக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டார்கள்.

மண்ணியல் துறையில் மூன்று ஃப்ரீசர்கள். மைனஸ் எண்பது டிகிரி. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு ஆகிற கரண்ட்டைத் தனியாகத் தின்னும். எழுபதே போதும், மாதிரி கெடாது, கரண்ட் கணிசமாக மிஞ்சும் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். பேராசிரியர் மசியவில்லை. ஐந்து மாசம் முன்னால் ஒரு கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், "ஒரு நாள் இல்ல ஒரு நாள் நானே வந்து பிளக்கைப் புடுங்கிடுவேன் சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை யாரோ அதைச் செய்தே விட்டார்கள். திங்கள் காலை மூன்றாம் நம்பர் ஃப்ரீசரைத் திறந்தால், பதினோரு வருஷமாகச் சேர்த்த மண் மாதிரிகள் அத்தனையும் சேறு.

"ஃப்ரீசர் தானே நேரம் குறிச்சு வெச்சுக்கும் மேடம்," என்றார் பதிவாளர். "வெள்ளி சாயங்காலம் அஞ்சு பத்துக்குக் கரண்ட் போயிருக்கு. திங்கள் காலைல எட்டு அஞ்சுக்குத் திரும்ப வந்திருக்கு. வெள்ளி நாலே முக்காலுக்கு அந்தம்மா அந்தக் கட்டிடத்துக்குள்ள போயிருக்கு. திங்கள் ஏழு அம்பதுக்கும் போயிருக்கு. கார்டு தேய்ச்ச பதிவு இருக்கு. தினமும் ஒரு நோட்டுல வேலையை எழுதி வைக்கும். அதுல வெள்ளிக்கிழமை பக்கத்தை மட்டும் காணோம். கிழிச்சிருக்கு!"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"வாயே திறக்கல. குத்தம் பண்ணலைன்னா கத்துவாங்கல்ல? இன்னிக்கு இந்தம்மாவை அனுப்பறோம், போலீஸ்ல புகார் கொடுக்கறோம், நாளைக்கு அந்தப் பலகையெல்லாம் கழட்டி ஓரமா போடறோம். ஆறு வருஷமா உயிரை எடுத்துட்டாங்க."

போகிற போக்கில் அவர் அறை ஏசியைப் பார்த்தேன். பதினேழில் இருந்தது. எனக்குப் பல் கிட்டியது.

ஸ்விட்ச் அக்கா வெளி அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். கையில் ஒரு பழைய டார்ச் மட்டும் இருந்தது. உடைந்த பிடியில் கறுப்பு டேப் சுற்றி, நுனியைச் சின்னக் காது மாதிரி மடித்திருந்தது. அவள் விரல் அதையே நெருடிக்கொண்டிருந்தது.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிளக்கைப் புடுங்கினீங்களா?"

"கேக்காதீங்க மேடம். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

"ஜெயிலுக்குப் போகவேண்டி வரும்."

"தெரியும்."

அண்ணி டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா சுத்தியிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பொம்பளையின் வாழ்க்கை இரண்டரை மணி நேரத்தில் முடியப்போகிறது, இவள் டேப்பைப் பாராட்டுகிறாள்!

"அண்ணி, எனக்கென்னமோ இந்தக்கா மேலதான் டவுட்டு. சும்மா இருக்கறவங்க ஏன் பக்கத்தைக் கிழிக்கணும்?" என்றேன் படியில்.

"நீ ஏன் அஞ்சாம் வகுப்புல ரேங்க் கார்டைக் கிழிச்சே?"

"அப்பா அடிப்பாருன்னு."

"பயந்தவன்தான் கிழிப்பான். யாரை நினைச்சுப் பயம்னு பார்க்கணும்."

ரேங்க் கார்டு சமாசாரத்தை அண்ணன் இவளிடம் சொல்லியிருக்கிறான். வீட்டுக்குப் போய் அவனை ஒரு கை பார்க்க வேண்டும்.

மண்ணியல் துறை வாசலில் பலகை சிவப்பாக எரிந்தது. மாடியில் நீளமான நடை. ஒரு கோடியில் லேப், நடுவில் பேராசிரியர் அறை, மறு கோடியில் பின்பக்க ஜன்னல். லேப் அசிஸ்டன்ட் கதவைத் திறந்துவிட்டார். நாற்பது வயசிருக்கும். சாவிக்கொத்தில் லேப் சாவிக்கு அடையாளமாகச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. திறப்பதற்குள் இரண்டு தரம் சாவியைக் கீழே போட்டார்.

"லேப் சாவி உங்ககிட்ட மட்டும்தானா?" என்று கேட்டாள் அண்ணி.

"என்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு. ஆனா வெள்ளிக்கிழமை லேப் திறந்துதான் இருந்திச்சு மேடம். யாரு வேணா வந்திருக்கலாம்."

பேராசிரியர் தரையில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், சுற்றிலும் தட்டுத் தட்டாகச் சின்னக் குழாய்கள். ஒன்றைத் தூக்கி அண்ணியிடம் காட்டினார். "இது பதினோரு வருஷம் முன்னாடி எடுத்தது. வெயில் ஏற ஏற மண்ணுக்குள்ள இருக்கற உயிரெல்லாம் என்ன ஆகுதுன்னு பார்க்கறதுக்காக. இந்தக் காடு இப்ப இல்லம்மா. எரிஞ்சுபோச்சு. திரும்பப் போய் எடுக்கவும் முடியாது." குழாயைத் தட்டில் வைத்தார். "ஒரு பச்சை விளக்குக்காக அந்தப் பொம்பளை இதைக் கொன்னுட்டா."

என் வாய்க்குக்கூட அப்போது வேலை வரவில்லை. பாவமாக இருந்தது.

நடையில் திரும்பும்போது அண்ணி குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். அண்ணி செருப்பில் வாரே கிடையாது. தரையைப் பார்த்தேன். தூசி படிந்த சிமெண்ட்டில், லேப் கதவிலிருந்து பேராசிரியர் அறை வாசல் வழியாகப் பின் ஜன்னல்வரை, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் சுத்தமாக இருந்தது.

"தண்ணி ஒழுகிச்சு மேடம். துடைச்சேன்," என்றார் லேப் அசிஸ்டன்ட், நாங்கள் கேட்காமலே.

"நேர்கோட்டுல ஒழுகற தண்ணி! இதையும் ஆராய்ச்சி பண்ணச் சொல்லுங்க," என்றேன். அவர் முகம் வெளுத்தது. அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது.

ஒன்றரைக்கு அக்காவின் அறைக்குள் இருந்தோம். ஜன்னல் வெளிச்சமே போதும் என்று விளக்கில்லாத அறை. கம்ப்யூட்டரில் வளாகத்தின் பதினான்கு கட்டிடங்களுக்கும் தனித்தனி கிராஃப். எந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் என்று கோடு கோடாக ஓடியது.

"மண்ணியல் கட்டிடத்தை எடு. வெள்ளி சாயங்காலம்," என்றாள் அண்ணி.

எடுத்தேன். விடுமுறைக் காலம், ஆள் குறைவு, கோடு சமமாகப் போனது.

"அஞ்சு பத்துல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாரு. ஒரு குடும்பத்துக்கு ஆகற கரண்ட் அந்த நிமிஷம் நின்னிருக்கு. கோடு எங்க இறங்குது?"

மூக்கு திரையில் முட்டும்வரை பார்த்தேன். கோடு இறங்கவே இல்லை. ஐந்துக்கும் அதே உயரம், ஐந்தரைக்கும் அதே உயரம்.

"இப்ப திங்கள் எட்டு அஞ்சு."

எட்டு ஐந்துக்குக் கோடு படி ஏறினமாதிரி விறுக்கென்று ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது.

"அடப்பாவி! செத்தப்ப இறங்கல, உயிர் வந்தப்ப மட்டும் ஏறுது. இது என்ன அண்ணி, கூத்தா இருக்கு?"

"சாப்பாட்டுக்கு வராதவன் எழுந்து போனா பந்தியில எண்ணிக்கை குறையாது தம்பி. அந்த ஃப்ரீசர் வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்தக் கட்டிடத்துல சாப்பிடவே இல்ல. வேற எங்கயோ சாப்பிட்டிருக்கு. திங்கட்கிழமைதான் முதல் தடவையா இங்க இலை போட்டிருக்காங்க."

"எங்க சாப்பிட்டுச்சு?"

"மீதி பதிமூணையும் பாரு. அஞ்சு பத்துக்கு எது இறங்குது?"

ஒவ்வொன்றாகத் தட்டினேன். நூலகம், விடுதி, நிர்வாகம் எல்லாவற்றிலும் ஐந்து மணிக்கு ஆள் போகப் போகக் கோடு சரிந்தது. பதினோராவது, தேர்வுக் கூடம். விடுமுறைக்குப் பூட்டி மூன்று வாரம். உள்ளே ஈ, காக்கை கிடையாது. ஆனாலும் ராத்திரி பகலாக ஒரே அளவு கரண்ட் ஓடியிருந்தது. ஓடி, ஓடி, வெள்ளி ஐந்து பத்துக்குப் பூஜ்யத்தில் விழுந்தது.

மேலே சுவரில் அக்கா கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'விடுமுறை வேலை: ஆளில்லாத கட்டிடம் கரண்ட் இழுத்தால் தேடு. கிடைக்கவில்லை என்றால் மெயினை இறக்கு.'

"ஓடு," என்றாள் அண்ணி.

தேர்வுக் கூடம் மண்ணியல் கட்டிடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. நடுவில் பைப் போகிற கால்வாய், மேலே சிமெண்ட் மூடிகள். மெயின் பெட்டி வெளி வராந்தாவில் இருந்தது. கைப்பிடி இறங்கியே இருந்தது. வாட்ச்மேன் பின் அறையைத் திறந்துவிட்டார். உடைந்த மேஜைகளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு தடித்த ஒயர் கால்வாயிலிருந்து ஜன்னல் வழியாக ஏறி பிளக் பாயிண்ட்டுக்குப் போயிருந்தது. ஜன்னலருகே ஒரு ஒட்டு. ஒட்டின்மேல் கறுப்பு டேப், நெருக்கமாக, ஒரு சுருக்கமில்லாமல். கடைசி நுனியை மட்டும் உள்ளே மடித்து, பிரிக்கும்போது பிடித்து இழுக்கச் சின்னக் காது மாதிரி விட்டிருந்தது.

அந்தக் காதை நான் பார்த்திருக்கிறேன். அக்காவின் டார்ச்சில்.

"போச்சு!" என்றேன். "அக்காவேதான் அண்ணி! அவங்களே ஒயர் இழுத்து..."

"அவளே இழுத்த ஒயர்னா, அவளே மெயினை இறக்குவாளா? உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாததாலதானே இறக்கினா?"

"அப்ப இந்த மடிப்பு?"

அண்ணி வாட்சைப் பார்த்தாள். இரண்டு இருபத்தைந்து. அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஓடினாள்.

பெஞ்சில் அக்கா அப்படியே இருந்தாள். அண்ணி மூச்சு வாங்க எதிரில் நின்றாள்.

"உங்கப்பா என்ன வேலை பார்த்தார்?"

அக்கா நிமிர்ந்தாள். "ஒயர்மேன்."

"எத்தனை பிள்ளைங்க?"

டார்ச் அவள் கையிலிருந்து நழுவியது. நான் பிடித்தேன்.

"ரெண்டு," என்றாள், காற்றாக.

"டேப் நுனியை மடிக்கணும்னு ரெண்டு பேருக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தாரா? லேப் சாவியில சிவப்பு டேப்புல அதே மடிப்பைப் பார்த்தேன்."

இரண்டு தரம் சாவியைக் கீழே போட்ட அந்த மனுஷன் இவள் தம்பி!

அக்கா அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வெள்ளியும் திங்களும் மீட்டர் குறிக்கத்தான் நான் அந்தக் கட்டிடத்துக்குள்ள போனது. ஆனா திங்கட்கிழமை ஃப்ரீசர் நின்ன நேரத்தைச் சொன்னதுமே எனக்கு விளங்கிடுச்சு மேடம். அஞ்சு பத்துக்குத் தேர்வுக் கூடத்து மெயினை இறக்கினேன்னு என் நோட்டுல நானே எழுதியிருக்கேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். டேப்பைப் பார்த்ததும் தம்பி வேலைன்னு தெரிஞ்சுடுச்சு. வந்து பக்கத்தைக் கிழிச்சேன். அவன் கெட்டவன் இல்ல மேடம். நாலு மாசம் முன்னாடி வரைக்கும் பலகை தினமும் சிவப்பா எரிஞ்சிச்சு, கூட்டத்துல பேராசிரியருக்கு அவமானம். 'அடுத்த கூட்டத்துக்குள்ள பச்சை எரியணும், எப்படின்னு எனக்குத் தெரியாது, இல்லைன்னா உன்னை வேற துறைக்குத் தூக்கிடுவேன்'னு இவன்கிட்ட சொல்லியிருக்கார். எந்த ஃப்ரீசரையும் நிறுத்த முடியாது. இவன் ஒண்ணை மட்டும் அடுத்த கட்டிடத்துல சொருகிட்டான். மூணு வாரம் பூட்டியிருந்தா நான் கண்டுபிடிச்சு இறக்குவேன்னு அவனுக்குத் தோணல. அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. ரெண்டு பிள்ளைங்க. கும்பிட்டுக் கேக்கறேன், அவன் பேரைச் சொல்லாதீங்க."

"ஜெயிலுக்கு நீங்க போவீங்களா?"

"எனக்கு ஒண்டிக் கட்டை வாழ்க்கைதானே."

அண்ணியின் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

நீள மேஜை. தலைப்பக்கம் பதிவாளர், பக்கத்தில் பேராசிரியர். மாதிரித் தட்டைச் சாட்சிக்காகத் தூக்கிக்கொண்டு வந்த லேப் அசிஸ்டன்ட் சுவரோரம் நின்றார். அண்ணி இரண்டு கிராஃபையும் விரித்து, இறங்காத கோட்டையும் விழுந்த கோட்டையும் காட்டி, தேர்வுக் கூடத்து ஒயரைப் பற்றிச் சொல்லி முடித்தாள். நாலு நிமிஷம்.

"ஆக, யாரும் பிளக்கைப் புடுங்கல," என்றாள். "பொறியாளர் பூட்டின கட்டிடத்து மெயினை இறக்கினாங்க. அது அவங்க வேலை. நாலு மாசமா இங்க எரிஞ்ச பச்சை விளக்கு பொய். ஒரு துளி புகைகூடக் குறையல. அடுத்த கட்டிடத்துக் கணக்குல எரிஞ்சிருக்கு."

பதிவாளர் முகம் கோணியது. அடுத்த நொடியே பிடித்துக்கொண்டார். "சரி, ஒயரை இழுத்தது யாரு?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டீங்களா, தெரியாதா? ஒயர் வேலை தெரிஞ்சவங்க இங்க யாரு? இந்தம்மாதானே!"

"ஆமா சார்," என்று ஒரு குரல். ஸ்விட்ச் அக்கா எழுந்து நின்றிருந்தாள். "நான்தான் இழுத்தேன். திட்டம் ஜெயிச்ச மாதிரி காட்டணும்னு இழுத்தேன். அப்புறம் மறந்துபோய் நானே இறக்கிட்டேன்."

அட மகாபாவி! அண்ணியைப் பார்த்தேன். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவாளர் உத்தரவை இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"அவ பொய் சொல்றா சார்!" தட்டு மேஜையில் இடித்தது. லேப் அசிஸ்டன்ட் முன்னால் வந்திருந்தார். "நான் இழுத்தேன். திங்கட்கிழமை காலைல வந்து பார்த்துட்டு பிளக்கை மாத்தினதும், நடையில கிடந்த ஒயரைச் சுருட்டினதும் நான்தான். என் அக்கா சார் அவ. என் கூடப்பிறந்த அக்கா!"

"வாயை மூடுறா!" என்று அக்கா கத்தினாள்.

"யார் சொல்லி இழுத்தே?" என்றார் பதிவாளர்.

அந்த மனுஷன் வாயைத் திறந்தார், மூடினார். கண் ஒரே ஒரு தரம் பேராசிரியர் பக்கம் போய்த் திரும்பியது. "யாரும் சொல்லல சார். நானா செஞ்சேன்."

அண்ணி பேராசிரியர் பக்கம் சாய்ந்து, மெதுவாக, எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் பேசினாள். "சார், ஒரு குழாய் மண்ணுல ஒரு நம்பர் மாறினாலும் ஏன்னு கேக்கற ஆள் நீங்க. மூணு ஃப்ரீசரும் ஓடும்போதே பச்சை எரிஞ்சுதே. அதை மட்டும் ஏன் கேக்கல?"

பேராசிரியர் தட்டிலிருந்த குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவாளர் பேனா தாளைத் தொட்டுவிட்டது.

"பேனாவை எடுங்க," என்றார் பேராசிரியர்.

"சார், நீங்க எதுக்கு..."

"எடுங்கய்யா!" மேஜையில் கை ஊன்றி எழுந்தார். "அந்த ஒயர் என் ரூம் வாசல் வழியாத்தான் போச்சு. நாலு மாசம். தினமும் காலைல அதைத் தாண்டித்தான் உள்ள போனேன். சாயங்காலம் தாண்டித்தான் வெளிய வந்தேன். எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். பச்சை வேணும்னு கேட்டதே நான்தான்."

அவர் புகார்த் தாளை இழுத்தார். ஸ்விட்ச் அக்காவின் பெயரை ஒரு கோட்டில் அடித்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.

அப்போதுதான் அக்கா அழ ஆரம்பித்தாள். திங்கட்கிழமையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. "மெயினை இறக்கினது என் கைதானே சார். அந்தக் காடு இனிமே இல்லையே சார்," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பேராசிரியர் குழாய்த் தட்டை அவள் கண்ணில் படாமல் ஓரமாக நகர்த்தி வைத்தார். தம்பிக்காரன் அவள் காலடியில் உட்கார்ந்தான். தொடப் பயந்து, அவள் புடவை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டான்.